பெயர் பொறிக்காத வில்: வயலின் வில்லுக்கு இன்றைய வடிவம் தந்த பிரான்சுவா தூர்த் யார்?

வயலின் என்றதும் பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வரும் பெயர் ஸ்ட்ராடிவாரி. இத்தாலியின் கிரெமோனா நகரில் வாழ்ந்து 1737இல் இறந்த அந்தக் கைவினைஞரின் வயலின்கள் இன்றும் கோடிக்கணக்கில் விலை போகின்றன. ஆனால் வயலின் தானாகப் பாடாது. அதைப் பாட வைப்பது வில். அந்த வில்லுக்கு ஒரு ஸ்ட்ராடிவாரி உண்டா என்று கேட்டால், இசைக்கலைஞர்கள் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொல்வார்கள்: பிரான்சுவா சேவியர் தூர்த்.

புதிதாக வயலின் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வயலினைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். வில் பெட்டிக்குள்ளேயே இலவச இணைப்பு மாதிரி கிடக்கும். அனுபவசாலிகள் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஒரே வயலினில் இரண்டு வில்களை மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தால், இரண்டு வேறு வயலின்கள் மாதிரி கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். சுமார் 60 கிராம் எடையுள்ள ஒரு குச்சிக்கு இவ்வளவு வேலையா என்று தோன்றலாம். தூர்த்தின் வாழ்க்கையைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

வெளியே வளைந்த வில், உள்ளே வளைந்த வில்

தூர்த் பிறந்தது பாரிஸில், 1747 அல்லது 1748இல். அப்பா நிக்கோலா பியேர் தூர்த்தும் வில் செய்பவர்தான். அண்ணன் நிக்கோலா லெயோனாரும் அதே தொழில். அதனால் இசை உலகம் இன்றும் அண்ணனைப் பெரிய தூர்த் என்றும், தம்பியைச் சின்ன தூர்த் என்றும் பிரித்துச் சொல்கிறது. பெயர் நிலைத்தது என்னவோ சின்னவருக்குத்தான்.

அவர் சிறுவனாக இருந்தபோது புழக்கத்தில் இருந்த வில், நாம் இன்று பார்க்கும் வில் அல்ல. பெயருக்கு ஏற்ற மாதிரி அது உண்மையாகவே வில் போல இருந்தது. குச்சி முடியிலிருந்து விலகி வெளிப்புறமாக லேசாக வளைந்திருக்கும், அல்லது ஏறக்குறைய நேராக இருக்கும். நுனி கூர்மையாக, மீன் மூக்கு மாதிரி நீண்டிருக்கும். எடையும் குறைவு.

அந்த வில்லில் குறை ஒன்றும் இல்லை, அந்தக் கால இசைக்கு அதுதான் பொருத்தம். கோரெல்லியும் பாஹும் எழுதியதெல்லாம் அந்த வகை வில்லுக்குத்தான். ஒவ்வொரு இழுப்பும் மெல்லத் தொடங்கி, நடுவில் பெருத்து, மெல்ல முடியும். மோஸார்ட்டின் அப்பா லெயோபோல்ட் மோஸார்ட் 1756இல் வெளியிட்ட வயலின் பாடநூலிலும், ஒவ்வொரு இழுப்பின் தொடக்கத்தில் ஒரு சின்ன மென்மை இருக்கும் என்று இதை விளக்கியிருக்கிறார். நடனத்துக்கும், சின்னக் கூடத்தில் ஐம்பது பேருக்கு வாசிப்பதற்கும் இது போதும்.

சிக்கல் வந்தது இசையே மாறியபோது. 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கச்சேரிகள் அரண்மனை அறைகளை விட்டு, டிக்கெட் வாங்கி உட்காரும் பெரிய கூடங்களுக்கு வந்தன. பாட்டுக்காரர் மூச்சைப் பிடித்துப் பாடுவது மாதிரி, வயலினும் ஒரே ஸ்வரத்தை நுனியிலிருந்து அடி வரை பலம் குறையாமல் நிறுத்திப் பிடிக்க வேண்டும் என்று கலைஞர்கள் எதிர்பார்த்தார்கள். அடுத்த நொடியே அதே வில் தந்தி மேல் குதிக்கவும் வேண்டும். பழைய வில்லில் நுனிப் பக்கம் போனால் பலம் கிடைக்காது. அழுத்தினால் குச்சி தொய்ந்துவிடும்.

பலரும் இதற்கு வழி தேடினார்கள். லண்டனில் புகழ்பெற்ற வயலின் கலைஞர் வில்ஹெல்ம் கிராமரின் பெயரால் அழைக்கப்படும் இடைக்கால வில் ஒன்று, 1770களிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் செல்வாக்காக இருந்தது. அதே லண்டனில் ஜான் டாட் என்பவர் ஏறக்குறைய தூர்த் போய்ச் சேர்ந்த இடத்துக்கே தன் வழியில் நடந்துகொண்டிருந்தார். ஆக, உள்வளைவு கொண்ட வில் ஒருநாள் திடீரென்று ஒருவர் மூளையில் உதித்ததல்ல. ஆனால் எவ்வளவு நீளம், எவ்வளவு கனம், எந்த இடத்தில் எவ்வளவு வளைவு, எந்த மரம் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் சரியான பதிலைக் கொடுத்தவர் தூர்த்.

கடிகாரப் பட்டறையில் எட்டு வருஷம்

தூர்த் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, பெல்ஜியத்தைச் சேர்ந்த இசை வரலாற்றாசிரியர் ஃபெத்திஸ் 1856இல் ஸ்ட்ராடிவாரி பற்றி எழுதிய நூலிலிருந்து வருகிறது. அந்த நூலை வெளியிட்டவர் பாரிஸின் பெரிய வயலின் வியாபாரியும் கைவினைஞருமான வியோம். 1818இல் பாரிஸுக்கு வந்துவிட்ட வியோம், தூர்த்தின் கடைசிக் காலத்தை அருகில் இருந்து பார்த்தவர்தான். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நூல் வந்தபோது தூர்த் இறந்து 21 வருஷம் ஆகியிருந்தது. தவிர, வியோம் பழைய வாத்தியங்களுக்குக் கதை சொல்லி விற்பதில் கெட்டிக்காரர். எனவே இதில் வரும் சில சம்பவங்களைக் கொஞ்சம் உப்பு சேர்த்தே எடுத்துக்கொள்வது நல்லது.

ஃபெத்திஸ் சொல்கிறபடி, தூர்த்துக்குப் பள்ளிப் படிப்பு கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர். அவரை அப்பா வில் பட்டறையில் வைத்துக்கொள்ளாமல் கடிகாரம் செய்யும் தொழிலுக்கு அனுப்பிவிட்டார். எட்டு வருஷம் அங்கே வேலை. வருமானம் போதாமல், கடைசியில் வீட்டுத் தொழிலுக்கே திரும்பி வந்தார். அப்பா 1764இலேயே இறந்துவிட்டார். பட்டறையை நடத்தியது அண்ணன்.

அந்த எட்டு வருஷம் வீண் போகவில்லை என்று சொல்லலாம். மரத்தச்சர் ஒருவர் ஒரு மில்லிமீட்டரைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். கடிகாரக்காரருக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது பெரிய பள்ளம். தூர்த்தின் வில்களில் தெரியும் துல்லியம் கடிகாரப் பட்டறையிலிருந்து வந்த பழக்கமாக இருக்கலாம் என்று நினைப்பது இயல்பு.

திரும்பி வந்தவர் உடனே நல்ல மரத்தில் கை வைக்கவில்லை. சர்க்கரை வந்த பழைய பீப்பாய்களின் பலகைகளைச் சீவி, அதில் வில் செய்து பழகினார் என்கிறார் ஃபெத்திஸ். காசு கொஞ்சம், கெட்டால் நஷ்டமில்லை. அப்படிச் செய்த பயிற்சி வில்களை அடிமாட்டு விலைக்கு விற்றாராம். கதை உண்மையோ மிகையோ, அடுத்து நடந்தது நிச்சயம். கிடைத்த மரங்களையெல்லாம் வளைத்துப் பார்த்துவிட்டு, அவர் ஒன்றில் வந்து நின்றார்.

துணிக்குச் சாயம் போடும் மரம்

அந்த மரத்தின் பெயர் பெர்னாம்புக்கோ. பிரேசிலின் அட்லாண்டிக் கடற்கரைக் காடுகளில் மட்டும் வளர்வது. பிரேசில் என்ற நாட்டுக்கே இந்த மரத்தால்தான் பெயர் வந்தது. 1500இல் போர்த்துகீசியர்கள் அங்கே இறங்கியபோது, விற்றால் காசாகும் பொருளாக முதலில் கண்ணில் பட்டது இதுதான். காரணம் இசை அல்ல, சாயம். கட்டையைத் தூளாக்கிக் கொதிக்க வைத்தால் செக்கச் செவேல் என்று நிறம் இறங்கும். ஆம்ஸ்டர்டாமில் கைதிகளை உட்கார வைத்து இந்தக் கட்டையை அரத்தால் ராவித் தூளாக்கச் சொல்லும் சிறையே இருந்தது.

இந்த இடத்தில் நமக்குத் தெரிந்த ஒரு சொந்தக்காரரும் வருகிறார். கேரளா ஹோட்டல்களில் இளஞ்சிவப்பு நிறத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைப்பார்களே, அதற்குப் போடும் பதிமுகம்தான் அவர். இரண்டும் நெருங்கிய உறவு மரங்கள், இரண்டிலும் இருக்கும் சாயப் பொருளும் ஒன்றே. பிரேசில் என்ற சொல்லை ஐரோப்பியர்கள் முதலில் பயன்படுத்தியதே ஆசியாவிலிருந்து வந்த இந்தப் பதிமுகக் கட்டையைக் குறிக்கத்தான். அதே போன்ற சிவப்புக் கட்டை தென் அமெரிக்காவில் மலையாகக் கிடைத்ததும் பெயரை அங்கே தூக்கிக்கொண்டு போனார்கள். மரம், பிறகு நாடு.

ஆக, பாரிஸ் துறைமுகக் கிடங்குகளில் தூர்த் தேடிப்போன கட்டை, சாயக்காரர்களுக்காக வந்து இறங்கிய சரக்கு. சாயக்காரருக்குக் கட்டை கோணலாக இருந்தால் என்ன, கணு இருந்தால் என்ன, எப்படியும் தூளாகத்தானே போகிறது? வில் செய்பவருக்கு அப்படி அல்ல. முக்கால் மீட்டர் நீளத்துக்கு ஒரு கணு, ஒரு விரிசல், ஒரு நார்த் திருகல் கூட இருக்கக் கூடாது. டன் கணக்கில் கட்டையைப் புரட்டினால் ஒன்றிரண்டு துண்டு தேறும். அதற்கு மேல் பிரான்ஸும் இங்கிலாந்தும் கடலில் மோதிக்கொண்டிருந்த காலம் அது. கப்பல் வந்தால்தான் சரக்கு. விலையும் எகிறிக் கிடந்தது.

அப்படியும் ஏன் இந்த மரம்தான்? அடர்த்தியான துண்டு தண்ணீரில் போட்டால் மூழ்கும், அவ்வளவு கனம். அதனால் குச்சியை மெல்லியதாகச் சீவினாலும் பலம் இருக்கும். நன்றாக விறைப்பாக இருக்கும், அதே சமயம் வளைத்துவிட்டால் சட்டென்று பழைய நிலைக்குத் துள்ளித் திரும்பும். முக்கியமாக, சூட்டில் வளைத்த வளைவை வருஷக்கணக்கில் மறக்காது. விறைப்பும் துள்ளலும் ஞாபகமும் ஒரே கட்டையில் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். 200 ஆண்டுகள் கழித்து ஆய்வகங்களில் அளந்து பார்த்தவர்களும், வில்லுக்கு இதைவிடச் சிறந்த இயற்கை மரத்தைச் சுலபமாகக் காட்ட முடியவில்லை.

சீவி வளைப்பதா, சுட்டு வளைப்பதா?

வளைந்த குச்சி வேண்டுமென்றால் சுலபமான வழி, பலகையிலேயே வளைவாக வரைந்து அறுத்து எடுப்பது. அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. மரத்தின் நார்கள் நேராக ஓடும், குச்சி வளைந்து போகும். வளைவு வரும் இடத்தில் நார்கள் வெட்டுப்பட்டுவிடும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பலம் போய்விடும்.

தூர்த் குச்சியை நேராகவே சீவினார். பிறகு நெருப்பில் காட்டி, உள்ளே நடுத்தண்டு வரை சூடேறிய பிறகு வளைத்தார். மூங்கில் கழியைத் தீயில் வாட்டி நிமிர்த்துபவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதாக இருக்காது. அவசரப்பட்டு மேல்தோல் மட்டும் சூடானதும் வளைத்தால், சில மாதங்களில் குச்சி பழையபடி நிமிர்ந்துவிடும். கருகிவிட்டாலும் போச்சு. அந்த இடைப்பட்ட பதத்தைப் பிடிப்பதுதான் வித்தை. இன்றும் நல்ல வில் செய்பவர்கள் இதே முறையில்தான் வளைக்கிறார்கள்.

வளைவு உள்பக்கமாக, அதாவது முடியை நோக்கி. முடியை இறுக்கும்போது குச்சி நிமிரப் பார்க்கும். அந்த எதிர்ப்பே வில்லுக்கு ஸ்பிரிங் மாதிரி பலம் தருகிறது. ஆனால் குச்சி உள்ளே வளைந்தால் நடுவில் முடியைத் தொட்டுவிடும் இல்லையா? அதற்காக நுனித் தலையை உயரமாக்கினார். கூர்மையான மீன் மூக்கு போய், கோடரி மாதிரியான தலை வந்தது. தலை கனத்ததும் வில் நுனிப் பக்கம் இழுத்தது. அதைச் சமன் செய்யக் கைப்பிடிப் பக்கத்தில் கனம் கூட்ட வேண்டியிருந்தது. அங்கே இருக்கும் கருங்காலித் துண்டில் உலோகப் பாகங்கள் அதிகமாயின. இந்தத் துண்டுக்கு ஆங்கிலத்தில் தவளை என்று பெயர். தமிழ்நாட்டு வயலின் கடைகளிலும் ஃபிராக் என்றே கேட்கலாம். ஒன்றை மாற்றினால் இன்னொன்று இழுக்கும். ஒரு சின்னக் குச்சிக்குள் தூர்த் தீர்த்துக்கொண்டிருந்தது இந்தச் சங்கிலிக் கணக்கை.

நீளத்தையும் அவர் நிலைநிறுத்தினார். வயலின் வில் சுமார் 74 முதல் 75 சென்டிமீட்டர், வயோலாவுக்கு 74, செல்லோவுக்கு 72 முதல் 73. இன்று உலகில் எந்தக் கடையில் முழு அளவு வயலின் வில் வாங்கினாலும், கிட்டத்தட்ட அதே அளவுதான் கையில் வரும்.

இத்தாலியிலிருந்து வந்த வியோட்டி

1782 மார்ச் மாதம் பாரிஸில் ஒரு கச்சேரி நடந்தது. டுயிலரி அரண்மனையில் நடந்துவந்த கோன்செர் ஸ்பிரிச்சுவேல் என்ற பொதுக் கச்சேரித் தொடரில், இத்தாலியிலிருந்து வந்த வியோட்டி என்ற 26 வயது இளைஞர் வாசித்தார். நகரமே அவரைப் பற்றித்தான் பேசியது. பெரிய தொனி, அறுந்துவிடாத நீண்ட இழுப்பு, ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகத் தெறிக்கும் தெளிவு. அவர் கையில் இருந்தது ஸ்ட்ராடிவாரி வயலின். அந்த வயலின்களின் மவுசு பாரிஸில் ஏறியதில் வியோட்டிக்கும் பங்கு உண்டு.

தூர்த்தின் பட்டறை சீன் நதிக்கரையில், எக்கோல் கரைத் தெருவில் 10ஆம் எண் வீட்டில் இருந்தது. வியோட்டி வாசித்த அரண்மனையிலிருந்து நடந்து போகும் தூரம். வில்லுக்கு என்ன தேவை என்பதை வியோட்டி வாசிப்பவராகச் சொல்ல, அதை மரத்தில் தூர்த் கொண்டுவந்தார் என்பது இசை உலகில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. இருவருக்கும் இடையே ஒப்பந்தக் காகிதம் ஏதும் கிடையாது. ஆனால் நல்ல வில் என்பது வாசிப்பவரும் செய்பவரும் உட்கார்ந்து பேசிச் செய்யும் பொருள் என்பதால் இதை நம்புவது கஷ்டமில்லை.

வியோட்டி வழியில் வந்த ரோட், க்ராய்ட்ஸர், பயோ ஆகிய மூவரும் 1795இல் தொடங்கிய பாரிஸ் கன்சர்வத்வார் இசைக் கல்லூரியில் ஆசிரியர்கள் ஆனார்கள். பேத்தோவன் ஒரு சொனாட்டாவைச் சமர்ப்பித்தது இந்த க்ராய்ட்ஸருக்குத்தான். அவர் எழுதிய 42 பயிற்சிகளைப் போடாத மேற்கத்திய வயலின் மாணவர் இன்றும் கிடையாது. மூவரும் சேர்ந்து தயாரித்த பாடமுறை 1803இல் வந்தது. புது வில், புதுப் பாடம், புதுக் கல்லூரி எல்லாம் ஒரே ஊரில், ஒரே தலைமுறையில் சேர்ந்ததால்தான் தூர்த்தின் வடிவம் ஐரோப்பா முழுக்கப் பரவியது. லண்டனில் தனியாகப் போராடிய டாடுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அவர் வறுமையில் இறந்தார்.

முடியைப் பொறுக்கிய மகள்

வில்லின் இன்னொரு பாதி, குதிரை வால் முடி. பழைய வில்லில் முடி ஒரு கற்றையாகச் சேர்ந்து உருண்டுகொள்ளும். தூர்த் காலத்தில் முடியை நாடா மாதிரித் தட்டையாகப் பரப்பி, ஓர் உலோகப் பட்டையாலும் சின்ன மர ஆப்பாலும் இறுக்கிப் பிடிக்கும் முறை வந்தது. இது தம்பியின் யோசனையா அண்ணனின் யோசனையா என்பதில் நிபுணர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. முடியைத் தளர்த்தி இறுக்கும் திருகாணி இவர்களுக்கு முன்பே வந்துவிட்டது.

முடியைப் பொறுக்கும் வேலையைச் செய்தவர் தூர்த்தின் மகள். நீளமாக, ஒரே பருமனாக இருக்கும் முடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், மீதி எல்லாம் கழிவு. பிறகு சோப்புப் போட்டு அலசி, தவிட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, கடைசியில் நீலம் கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிற அதே கணக்கு. இன்று ஒரு வயலின் வில்லில் 150 முதல் 200 முடி வரை இருக்கும். உலகமே வியக்கும் தூர்த் வில்களில் பாதி வேலை இந்தப் பெண்ணின் கண்ணிலும் விரலிலும் நடந்தது. வரலாற்று நூல்கள் அவரைத் தூர்த்தின் மகள் என்று மட்டும் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

பட்டறையில் ஒரு கண்டிப்பான பழக்கம் இருந்தது. முடிந்த வில்லில் சின்னக் குறை தெரிந்தாலும் தூர்த் அதை உடைத்துப் போட்டுவிடுவார். டன் கணக்கில் புரட்டித் தேடிய மரம், நாள் கணக்கில் செய்த வேலை, எதையும் பார்க்க மாட்டார். வார்னிஷும் பூச மாட்டார். நுரைக்கல் தூளையும் எண்ணெயையும் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றுவதோடு சரி.

விலைப்பட்டியலும் கிடைத்திருக்கிறது. ஆமை ஓட்டில் ஃபிராக், தலையில் முத்துச்சிப்பி, தங்கப் பூண் போட்ட வில்லுக்கு 12 லூயி பொற்காசு. கருங்காலி ஃபிராக்கும் வெள்ளிப் பூணும் போட்டதற்கு மூன்றரை லூயி. அலங்காரம் எதுவும் இல்லாத சாதா வில் 36 பிராங்க். இன்று அவருடைய வயலின் வில் ஏலத்துக்கு வந்தால், நம் ஊர்க் கணக்கில் ஒரு கோடி ரூபாயைத் தாண்டுவது சாதாரணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் தன் வில்களில் பெயர் பொறிக்கும் வழக்கம் கொண்டவர் அல்ல. அண்ணனின் சில வில்களில் முத்திரை இருக்கும், தம்பியின் வில்களில் இருக்காது. அதனால் இன்று ஒரு வில்லைத் தூர்த் செய்தது என்று சொல்ல, தலையின் வடிவத்தையும் உளி போன தடத்தையும் பார்க்கத் தெரிந்த நிபுணர்கள் வேண்டும். பெயர் தெளிவாகப் பொறித்த தூர்த் வில் மலிவாகக் கிடைக்கிறதா? சந்தேகமே வேண்டாம், அது பிற்காலத்தில் தொழிற்சாலைகள் அச்சடித்துத் தள்ளியது. பரண் மேல் கிடந்த தாத்தா வில்லைப் பார்த்துக் கோடீஸ்வரர் ஆகிவிட்டதாக நினைத்தவர்கள் பலர் ஏமாந்தது இந்த முத்திரையால்தான்.

கணக்குத் தெரியாதவர் போட்ட கணக்கு

தூர்த் இறந்த பிறகு வியோம் அவருடைய வில்களை எடுத்து அளக்கத் தொடங்கினார். குச்சி அடியிலிருந்து முதல் 110 மில்லிமீட்டர் வரை ஒரே பருமனாகப் போகிறது: 8.6 மில்லிமீட்டர். அங்கிருந்து நுனி வரை மெல்ல மெல்லச் சிறுத்து 5.3 மில்லிமீட்டரில் முடிகிறது. அந்தச் சிறுத்தல் நேர்கோட்டில் இல்லை. தொடக்கத்தில் மெதுவாகவும், நுனியை நெருங்க நெருங்க வேகமாகவும் குறைகிறது. வியோம் இதை வரைபடமாக்கிப் பார்த்தபோது, அது கணிதத்தில் மடக்கை வளைகோடு எனப்படும் கோட்டோடு பொருந்தியது.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று சொல்லப்பட்ட ஒருவர், விரலால் வளைத்துப் பார்த்துப் பார்த்தே இந்தக் கோட்டைப் பிடித்திருக்கிறார்.

கண் ஒத்துழைத்த வரை தூர்த் வேலையை விடவில்லை. 1824இல், 77 வயதில் செய்தது என்று குறிப்பிடும் ஒரு சின்னக் காகிதம் அவருடைய வில் ஒன்றில் கிடைத்திருக்கிறது. அவர் பிறந்த வருஷம் 1747 என்று சொல்பவர்கள் காட்டும் ஆதாரமும் இதுதான். 85 வயது வரை பட்டறையில் உட்கார்ந்தார். பார்வை மங்கியதும் உளியைக் கீழே வைத்தார். பொழுதுபோக்கு என்று அவருக்கு இருந்தது ஒன்றே ஒன்று: சாயங்காலம் பட்டறையை விட்டு இறங்கி, சீன் நதியில் தூண்டில் போட்டு உட்காருவது. 1835 ஏப்ரலில் பாரிஸிலேயே இறந்தார். புரட்சி, நெப்போலியன், மறுபடியும் மன்னராட்சி, இன்னொரு புரட்சி என்று ஊர் நாலு முறை தலைகீழானது. அதே நதிக்கரையில், அதே வேலை.

சரி, இன்று வில் எப்படித் தேர்ந்தெடுப்பது?

தூர்த் தீர்த்த கணக்கைத் தெரிந்துகொண்டால் வில் வாங்குவது கொஞ்சம் சுலபம். முதலில், முடியை இறுக்கிவிட்டு அடியிலிருந்து ஒரு கண்ணை மூடி நுனியைப் பாருங்கள். குச்சி இடது வலதாகக் கோணியிருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். தேவையான அளவு இறுக்கிய பிறகும் உள்வளைவு தெரிய வேண்டும். நேராகிவிட்டால் குச்சிக்குத் தெம்பு போய்விட்டது.

எடை முக்கியம்தான், ஆனால் அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அதைவிட முக்கியம். 60 கிராம் வில் ஒன்று நுனி கனத்தால் கையை வலிக்க வைக்கும், அதே 60 கிராம் இன்னொன்று காற்று மாதிரி இருக்கும். தராசு இதைச் சொல்லாது, கைதான் சொல்லும். எனவே உங்கள் வயலினையே கடைக்குக் கொண்டுபோய், ஒரே பாட்டை நாலைந்து வில்லில் வாசித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. நீண்ட இழுப்பில் நுனியில் சத்தம் நடுங்குகிறதா? வேகமான இடத்தில் வில் தானாகத் துள்ளுகிறதா, அல்லது நீங்கள் துள்ள வைக்க வேண்டியிருக்கிறதா? தங்கப் பூணையும் முத்துச்சிப்பியையும் பார்க்கவே பார்க்காதீர்கள். தூர்த்தின் 36 பிராங்க் வில்லும் தூர்த் வில்தான்.

என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்பதும் கேள்விதான். பாஹ் காலத்து இசையை அந்தக் காலத்து முறையில் வாசிப்பவர்கள், தூர்த்துக்கு முந்தைய பழைய வடிவ வில்லையே இன்று செய்து வாங்குகிறார்கள். கர்னாடக இசைக்குள் வயலின் வந்ததோ, தூர்த் உயிரோடு இருந்த அதே காலத்தில். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையை ஒட்டிய மணலியில் அதைக் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மன்னர் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தது 1834இல், தூர்த் இறப்பதற்கு முந்தைய வருஷம். வயலினைப் பிடிக்கும் விதம், உட்காரும் விதம், சுருதி எல்லாவற்றையும் நம்மவர்கள் மாற்றினார்கள். வில்லின் வடிவத்தை மட்டும் மாற்றத் தேவைப்படவில்லை. ஒரே இழுப்பில் நீண்ட கமகங்களைக் கொண்டுபோக வேண்டிய கர்னாடகக் கலைஞருக்கு, துள்ளலைவிட நுனி வரை சீராக நிற்கும் வில்தான் முதல் தேவை.

கடைசியாக மரம். சாயத்துக்காக 300 வருஷத்துக்கும் மேல் வெட்டியதாலும், கடற்கரைக் காடுகள் கரும்புத் தோட்டமாகவும் நகரமாகவும் மாறியதாலும் பெர்னாம்புக்கோ இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. வில்லுக்குப் போனது அதில் சின்னப் பங்கு. ஆனால் மிச்சம் இருக்கும் மரத்துக்குக் கிராக்கி வில்லால்தான். 2007இல் அழியும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கைக்குள் இந்த மரம் வந்தது. அப்போது கட்டுப்பாடு கட்டைக்கும் பாதி செய்த குச்சிக்கும்தான், முழுதாக முடிந்த வில்லுக்கு விலக்கு இருந்தது. 2022இல் பனாமாவில் நடந்த கூட்டத்தில், வர்த்தகத்தையே ஏறக்குறைய நிறுத்திவிடும் பட்டியலுக்கு மரத்தை மாற்றச் சொல்லி பிரேசில் கேட்டது. இசைக்கலைஞர்கள் பதறினார்கள். முடிவில் மரம் பழைய பட்டியலிலேயே இருக்க, பிரேசிலிலிருந்து வெளியேறும் முடிந்த வில்களுக்கும் அனுமதி கட்டாயம் என்று இறுக்கினார்கள்.

வில் செய்பவர்களே கூடிப் பணம் போட்டு பிரேசிலில் கன்றுகள் நடுகிறார்கள். ஆனால் நட்ட கன்று வில்லுக்கு ஏற்ற மரமாக 30 வருஷமாவது ஆகும். அதுவரை மாணவர்களுக்குக் கார்பன் ஃபைபர் வில் ஒரு நல்ல வழி. வெயிலுக்கும் மழைக்கும் கோணாது, விமானத்தில் பயமில்லாமல் கொண்டுபோகலாம், நடுத்தர விலையில் கிடைக்கும் மர வில்கள் பலவற்றைவிட நன்றாகவே வாசிக்கும். அதைச் செய்யும் நிறுவனங்கள் அச்சில் வார்த்தெடுக்கும் வளைவும், கோடரித் தலையும், நீளமும் மட்டும் எக்கோல் கரைத் தெரு 10ஆம் எண் வீட்டில் முடிவானவை.